ஏலத்தில் வந்த கண்ணாடிக் குழாய்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் டாக்டர் இராஜசிங்கம் நடத்திய இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எது கெட்டாலும் அழகப்பன் தலையில்தான் விடியும். ஃபேன் நின்றாலும் அவன்தான், தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் அவன்தான். 1965-இல், இரத்த அணுக்களை எண்ணும் சீமை இயந்திரம் மக்கர் பண்ணியபோதும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். உப்புநீரில் முங்கி நிற்கும் அதன் கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டிருந்தது. அந்தக் குழாயின் அடியில் ஊசிமுனையைவிடச் சின்னதாக ஓர் ஓட்டை. அதற்குள் போகும் துகளையெல்லாம் இயந்திரம் அணு என்று எண்ணும். புதுக் குழாய் கப்பலில் வர மூன்று மாதமாகும் என்றார்கள்.

கேலாங்கில் மூடிப்போன ஒரு கிளினிக்கின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் அதே ரக இயந்திரம் ஒன்று, ஓடாத நிலையில் கிடந்தது.

"உதிரிக்கு ஆகும் டாக்டர். நான் பொறுப்பு," என்று அடித்துச் சொல்லி அழகப்பன் அதை வாங்கிவந்தான். அதன் குழாயைக் கழற்றி இங்கே மாட்டினான். நன்றாகவே ஓடியது. மறுநாள் ஆயுத பூஜை. ஸ்பேனர் முதல் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டான்.

பூஜைக்கு அடுத்த நாள் முதல் இரத்தம் அவன் மனைவி பூவம்மாவுடையது. ஒரு மாதமாக அவளுக்குத் தலைசுற்றல். வெள்ளை அணு எட்டாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரம் அறுபதாயிரம் காட்டியது. இயந்திரம் வந்த அன்றே மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டுவிட்டவர் டாக்டர். இயந்திரம் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

"இரத்தப் புற்றா இருக்கலாம் அழகப்பன். உடன பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம்," என்றார் மெல்ல.

அழகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. குழாய் சரியென்றால் பூவம்மா இல்லை. குழாய் கோளாறு என்றால் அவன் பேர் போச்சு, வேலையும் போகும். ஒயரைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான், ஒரு குறையும் தெரியவில்லை. தன் வேலை கெட்டிருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்ட ரிப்பேர்காரன் சிங்கப்பூரிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஏதோ தோன்றி, இரத்தமே கலக்காமல் வெறும் உப்புநீரை ஓட்டினான். ஐம்பத்திரண்டாயிரம்! உப்புநீருக்குமா நோய்? மறுபடி ஓட்டினான். அறுபத்தோராயிரம். குழாயை வெளியே எடுத்தான். கழுத்தில், பாதி கரைந்த மஞ்சள் வட்டம். யார் யார் கையோ பட்ட பழைய சாமானாயிற்றே, தோஷம் கழியட்டும் என்று, பூஜையன்று அதற்கு மட்டும் தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்தான். அந்தச் சந்தனத் தூளைத்தான் இயந்திரம் இவ்வளவு நேரமும் எண்ணிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னான். அவர் மைக்ராஸ்கோப்பின் உறையை உருவி, பூவம்மாவின் இரத்தத்தைக் கண்ணாலேயே எண்ணினார்.

"ஏழாயிரம். சோகைதான், வேற ஒண்டுமில்லை," என்று மூச்சு விட்டவர், மறுகணமே வெடித்தார். "கண்ணாடிக் குழாய்க்கு ஆரும் பொட்டு வைப்பினமோ? உமக்கு மூளை இருக்கோ?"

சத்தம் கேட்டு, வாசல் பெஞ்சில் இருந்த பூவம்மா பதறி எழுந்தாள்.

"ஏங்க, டாக்டர் இந்தக் கத்து கத்துறாரு. என்னங்க செஞ்சீங்க?"

அழகப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"கத்தட்டும் லா," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."