சாருக்கு வந்த பார்சல்

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கூரை வரை அடுக்கிய அந்தக் கிடங்கில் சூப்பர்வைசருக்கு வைத்திருந்த பெயர் சிங்கம். அவர் தொண்டையைக் கனைத்தால் லாரி டிரைவர்கள் சிகரெட்டை அணைப்பார்கள். மேனேஜர் நாற்காலி காலியானபோது அது தனக்குத்தான் என்று புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார். நாற்காலி போய்ச் சேர்ந்தது மச்சினனிடம். மனைவியின் தம்பி, இவரே கையைப் பிடித்து அழைத்து வந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவன்.

"எனக்கென்ன, நம்ம பையன்தானே!" என்று ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார். அன்று முதல் வீட்டில் "டேய்", கிடங்கில் "சார்". நாக்கு சுளுக்கிக்கொண்டது.

தூக்கம் போனது. சாப்பாடு சக்கையானது. கண் விழிக்கும்போதே நெஞ்சில் பாரம். ஆனால் மனசு சரியில்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது. மனசு என்பது பெண்களுக்கும் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இருக்கிற உறுப்பு என்பது அவர் எண்ணம். கடைசியில் படுக்கையிலும் உடம்பு காலை வாரியது. ஒரு தடவை என்றால் அசதி என்று விட்டிருப்பார். மறுபடியும் அப்படியே. பிறகு மனைவி பக்கத்தில் வந்தாலே 'இன்னைக்கும் ஆகாதோ' என்ற பயம் முந்திக்கொண்டது. பயந்ததால் ஆகவில்லை, ஆகாததால் இன்னும் பயந்தார்.

மெத்தையை மாற்றிப் பார்த்தார். சார்ஜர் விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று மனைவியிடம் சண்டை போட்டார். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள்.

"வேற யாராச்சும் இருந்தா நேரா சொல்லிடுங்க" என்றாள் போகும்போது.

மறுக்க வாயெடுத்தவர் மென்று விழுங்கினார். உண்மையைவிட இந்தச் சந்தேகம் எவ்வளவோ கௌரவமாக இருந்தது.

பிறகுதான் செல்போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். குதிரைப் படம் போட்ட பொடி, ரகசியமாக அனுப்பப்படும். வீட்டுக்கு வரவழைத்தால் வம்பு என்று கிடங்கின் விலாசத்தைக் கொடுத்தார். வாசலுக்கு வரும் எந்தப் பார்சலையும் காவலாளி பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டதே தான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

லோடு ஏற்றுகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். காவலாளி டப்பாவைத் தூக்கிப் பிடித்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தான்: "ஆண்மைக் குறைவா? இனி கவலை வேண்டாம்! அண்ணே, உங்க பேர்ல வந்திருக்கு."

சிங்கம் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். "என் பேர்ல வந்தா எனக்கா? சார் வாங்கித் தரச் சொன்னாரு. சாருக்கு!"

மத்தியானத்துக்குள் சேதி கிடங்கு முழுக்கப் பரவி, கிளம்பிய லாரிகளிலும் ஏறிக்கொண்டது. மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. வேலை போச்சு என்றே உள்ளே நுழைந்தார். மச்சினன் கதவைச் சாத்தினான். முகத்தில் கோபம் இல்லை, வெளிறிக் கிடந்தது.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. யாரு சொன்னது உங்களுக்கு? என் பொண்டாட்டி அக்காகிட்ட உளறிட்டாளா?"

"எதைடா?"

"என் விஷயத்தைத்தான்."

அவருக்குப் புரியவில்லை என்று கண்டு மச்சினனே தொடர்ந்தான். "இந்த நாற்காலில உக்காந்ததுல இருந்து இப்படித்தான் மாமா. டார்கெட் எங்கேன்னு தினமும் மேலிடத்துல இருந்து போன். பாத்ரூம்ல உக்காந்து அழுதிருக்கேன். இப்பதான் டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேன்."

சிங்கத்துக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷம்தான். இந்த நாற்காலிக்கா இத்தனை ஏங்கினோம் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்கும்தான்டா" என்றார் மெதுவாக.

"அப்ப அந்தப் பொடி?"

"எனக்குத்தான். வெளியே போய் சொல்லிடவா?"

"விடுங்க மாமா. பாதி உண்மைதானே."

மச்சினனே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். சர்க்கரை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்ததில் சிங்கத்துக்குப் பெருத்த ஏமாற்றம். சர்க்கரை வியாதி இருந்தால் நாலு பேரிடம் தலைநிமிர்ந்து சொல்லலாமே!

"கடைசியா எப்போ நிம்மதியா தூங்கினீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

பதில் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் உடைந்து அழுதார். அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இது மனச்சோர்வு. மனசு இப்படிப் பதறிக்கிட்டே இருந்தா உடம்பு எப்படிங்க ஒத்துழைக்கும்? அந்தப் பொடியைத் தூக்கிப் போடுங்க, அதுல என்ன கலந்திருக்கோ. இதுக்கு சிகிச்சை இருக்கு. வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் குழாயை மூடினாள்.

"இவ்வளவுதானா? நான் எவளோ ஒருத்தின்னு நெனச்சு தினமும் சபிச்சுட்டிருந்தேன். பாவம், யாரு பெத்த பொண்ணோ!"

சிரித்தவள், சோப்பு நுரைக் கையாலேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லாம் சரியாவதற்குப் பல மாதங்கள் ஆயின. முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் பசி, அப்புறம் சிரிப்பு. மற்றது, யாரும் எதிர்பார்க்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாக வந்தது. நடுவில் சில வாரம் வராமலும் இருந்தது. அதற்காக யாரும் மெத்தையை மாற்றவில்லை.

ஆனாலும் கிடங்கில் யார் கேட்டாலும் முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போவதாகத்தான் சொல்வார். ஒருநாள் லோடு ஏற்றுகிறவர்களிலேயே முரடன் ஒருவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் அருகில் வந்தான்.

"அண்ணே, எனக்கும் கொஞ்ச நாளா முழங்கால் வலி. அந்த டாக்டர் விலாசம் கொஞ்சம்…"