கார் கதவில் என் பெயர்

போன செவ்வாய்க்கிழமை காலை. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் வீட்டு கேட்டின் கொக்கி இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது.

என் காராக இருந்தால் இந்தப் பத்தியே கிடையாது. அது என் மனைவி கவிதாவின் கார். டீச்சர் வேலை பார்த்துத் தானே வாங்கியது. தினமும் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபியே குடிப்பார். அன்று ஏதோ பயிற்சி என்று பஸ்ஸில் ஓமலூர் போயிருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்குள் கோடு மறைந்தாக வேண்டும்... உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

நாமக்கல்லில் நான் கேட்ட கார் பட்டறைகளில் எல்லாம் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர் முருகேசன் மட்டும் நாலு மணிக்கே தருவதாகச் சொன்னார். உப்புத்தாளால் தேய்த்தார், பட்டி பூசினார், கலர் கலந்து ஸ்ப்ரே அடித்தார். கோடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

நடுவில் என் பெயர், ஊர், செல் நம்பர் கேட்டார். நம் பத்தியைப் படிக்கிறவராக இருக்கும் என்று பெருமையோடு சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் — கதவில் மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பில் நிழல். என் பெயர், ஊர், செல் நம்பர்!

"லாரின்னா இன்னும் பெருசா வருமுங்க. காருதானேன்னு சின்னதா எழுதிட்டேனுங்க" என்றார். கதவுக்கு பெயின்ட் அடித்தால் ஓனர் பெயர் எழுதாமல் வண்டியை அவர் வெளியே விட்டதே இல்லையாம். உடனே அழித்தால் அடியில் உள்ள புது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடுமாம்.

சாயங்காலம் கவிதா பார்த்தார். நிதானமாகப் படித்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கோடு போட்டதை விட மறைக்கப் பார்த்ததுதான் வெட்கமாக இருந்தது.

"கோடு போட்டதக்கூட உட்டுருவேனுங்க. எங்காருல உங்க பேரு எதுக்குங்க?"

மறுநாள் பள்ளி விட்டதும் அவரே காரைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். அழிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. மேலே பெரிய எழுத்தில் 'ஓனர்: கவிதா' என்று எழுதி வாங்கி வந்திருந்தார். என் பெயருக்கு முன்னால் புதிதாக ஒரு வார்த்தை... 'டிரைவர்'.

செல் நம்பரை மட்டும் மாற்றவில்லை. இனி வண்டியில் எங்கே கீறல் விழுந்தாலும் கூப்பிட வேண்டியது என்னைத்தானாம்!