நட்டைக் கழற்றுவது யார்?

மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு நீராவி அனுப்பும் பாய்லரை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டிவந்தவர் அவர். எல்லோருக்கும் பாய்லரம்மா. பாய்லருக்குள் தீ எரிக்கும் பர்னரைப் புதிதாக மாட்டிய மூன்றாம் நாள், அதன் முகப்பில் இரண்டு நட்டுகள் கழன்று கிடந்தன. இறுக்கினார். இரண்டே நாளில் மறுபடியும் கழன்றன.

மேலாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பழைய பர்னரே போதும்னு சண்டை போட்டது நீங்கதானேம்மா?"

பாய்லரம்மாவின் சந்தேகமோ வேறு பக்கம் போனது. கணவரின் தம்பி அங்கேயே ஃபிட்டர். பர்னர் மாட்டும் வேலையை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பாய்லர் அறைச் சாவி அவனிடமும் ஒன்று இருந்தது. அவனுக்குச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். பரிமாறும்போது பாய்லரம்மா அவன் கைகளையே பார்த்தார்.

"என்ன அண்ணி, கையைக் கழுவிட்டுத்தான் உக்காந்தேன்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பும் சரியாகப் படவில்லை.

திங்கட்கிழமை காலை நட்டுகளை முறுக்கி, நட்டையும் தகட்டையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் கோடு இழுத்தார். கதவைத் தாழிட்டு எதிரே உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. பத்து மணிக்குத் துணி குறைந்து நீராவி குறைவாகத் தேவைப்பட்டதும் தீ தானாகவே பாதியாக இறங்கியது. உடனே ஓர் உறுமல். கதவு திறந்தே கிடந்த நாட்களில் சலவை இயந்திரங்களின் இரைச்சலில் அது காதில் விழுந்ததே இல்லை. காலுக்கடியில் தரை அதிர்ந்தது. கண்ணெதிரே மஞ்சள் கோடு இரண்டாக விலகியது. நட்டு தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது. தீயைக் கூட்டினார், உறுமல் நின்றது. குறைத்தார், வந்துவிட்டது.

பர்னர் கம்பெனிக்காரர் வந்து காது கொடுத்துக் கேட்டார். "உலை உருளையா இருக்குல்ல, உள்ள காத்து முன்னும் பின்னுமா அலையுது. அது தீயை ஆட்டுது, தீ திரும்ப அதைத் தள்ளுது. ஊஞ்சலை நேரம் பாத்துத் தள்ளுற மாதிரி, ஆட்டம் ஏறிக்கிட்டே போகும்."

"மாட்டின அன்னைக்கு முழுத் தீயில மட்டும் பாத்துட்டுக் கிளம்பிட்டீங்களே!" என்றார் பாய்லரம்மா.

கம்பெனிக்காரர் பர்னர் முனையை மாற்றினார். சுடர் குட்டையானது, உறுமல் அடங்கியது. மேலாளர் பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பாய்லரம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. கொழுந்தனிடம் சொல்லிவிட்டார். "நீதான் கழட்டுறேன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி."

ஒரு மாதம் அவன் சாப்பிட வரவில்லை. வருடாந்தரச் சுத்தத்துக்குப் பாய்லரை ஆறவைத்த அன்று, தானே வந்து நின்றான். "உலைக்குள்ள யாரு நுழையிறது? நீங்களா, நானா?"

"நீ போ. யாரும் தீயைப் போட்டுடாம நான் வெளியில நிக்கிறேன்."

அவன் விளக்கை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனான்.