பழுக்காத காயம்

எங்கள் ஊரில் கையில் வெட்டுப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டோம். மலைப்பூண்டை நசுக்கித் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காயத்தில் விட்டுத் துணியால் கட்டுவோம். தினமும் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். சிவக்கவில்லை, வீங்கவில்லை, சீழ் வைக்கவில்லை என்றால் பூண்டு வேலை செய்துவிட்டது. கொடைக்கானலுக்கு மேலே பூண்டு போடுகிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். இதற்குமேல் என்னய்யா வைத்தியம் என்று எகத்தாளம் பேசித் திரிந்தவன் நான்.

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் மூன்றாம் தடவையாக மருந்து ஏற்றிக் கூட்டி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தவள், பூண்டு பிடுங்குகிறோம் என்று தெரிந்ததும் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். பிடுங்கிய பூண்டின் தாளை அறுக்கும்போது அரிவாள் விரலில் பட்டுவிட்டது.

"ஏ புள்ள, ஒன்னைய யாரு வரச் சொன்னா?" என்று கத்தினேன்.

"சும்மா கெடந்து கெடந்து முதுகுதாங்க நோவுது. ஒரு கீறலுக்குப் போயி ஊரக் கூட்டுறீங்களே" என்று சிரித்தாள்.

சின்னக் காயமானாலும் சொல்லுங்கள் என்று மதுரையில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு கீறலுக்கு மலையிறங்குவதா என்று நினைத்தேன். பூண்டெண்ணெய் காய்ச்சினேன். நாலு நாளும் காலையில் நானே கட்டைப் பிரித்துப் பார்த்தேன். துளிச் சிவப்பில்லை, துளி வீக்கமில்லை. அறுபட்ட இடம் அப்படியே வெளுத்துக் கிடந்தது. பார்த்தாயா நம்ம பூண்டை என்று பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம் பீற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் விடிந்தபோது அவள் உடம்பு உதறியது. மலைக்குளிர் என்று இன்னொரு கம்பளியைப் போர்த்தினேன். நெற்றியைத் தொட்ட பிறகுதான் பதறினேன். அனலாகக் கொதித்தது. வண்டி பிடித்து மதுரை போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

டாக்டரம்மா விரலைப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"அஞ்சு நாளுங்க. பழுக்கவே இல்லைங்க, நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அதையும் பெருமையாகத்தான் சொன்னேன், பாவி.

அவர் என்னை வெளியே கூட்டிப் போனார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். எங்கள் ஊரில் காட்டுமாடு வயலில் இறங்கினால் யார் வயல் என்று பார்க்கமாட்டோம், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடுவோம். ரத்தத்தில் இருக்கிற வெள்ளையணுக்களும் அப்படித்தானாம். வந்த கிருமி எது என்று விசாரிக்காமல் முதல் ஆளாக ஓடிவந்து விழுங்குமாம். அவை வருவதற்காக ரத்தக்குழாய் விரிந்து வழிவிடுவதுதான் சிவப்பும் வீக்கமும். கிருமியைத் தின்று செத்த அணுக்கள்தான் சீழ்.

"புத்துநோய்க்கு ஏத்துற மருந்து அந்த அணுக்களையும் கொறைச்சிரும் ஐயா. காயத்துக்கு ஓடிவர ஆளே இல்ல. அதான் பழுக்கல. கிருமி ரத்தத்துல கலந்துருச்சு."

ஓடிவர ஆளில்லாமல் போனதைத்தான் நான் நாலு நாள் கும்பிட்டுக் கொண்டாடியிருக்கிறேன்.

சாயங்காலம் அவள் கண்விழித்தாள். வாயில் குழாய் இல்லை, பேச முடிந்தது. "வெரல் ஆறிருச்சுல்லங்க?" என்று கேட்டாள்.

"ஆறிருச்சு புள்ள" என்றேன்.

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் சொன்ன அந்த ஒரு சொல்லை என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலி கட்டும்போது என் உள்ளங்கையில் முள் ஏறியது. மறுநாளே சிவந்து, புசுபுசுவென்று வீங்கி, விண்விண்ணென்று தெறித்தது. அதற்கடுத்த நாள் மஞ்சளாகச் சீழ் கட்டியது. மகள் பார்த்துவிட்டு, "வெரசா கெளம்புங்கப்பா, டாக்டர்கிட்ட காட்டிருவோம்" என்று அவசரப்பட்டாள்.

நான் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் கூப்பிடாமல், யாரையும் கேட்காமல், இந்த ஒன்றுக்கும் உதவாத கைக்காக உள்ளே எத்தனை உயிர் ஓடிவந்து செத்திருக்கிறது!

"ரொம்ப வலிக்குதாப்பா?" என்றாள்.

"நல்லா வலிக்குது தாயி" என்று சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளை முன்னால் வெட்கமில்லாமல் கதறினேன்.