ஷோகேஸில் இருந்த பெண்

அறுபதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். நெகட்டிவில் பென்சில் தீட்டி எந்தக் கருத்த முகத்தையும் வெளுப்பாக்கித் தருவேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் கப்பலில் வந்த ஆப்பிரிக்கப் போட்டோகிராபர் ஒருவர், தான் எடுத்த படங்களைக் காட்டினார். அத்தனையும் கருத்த முகங்கள். கருப்பைத் துளியும் குறைக்காமல், விளக்கைச் சாய்த்து வைத்தே மினுங்க வைத்திருந்தார்.

"எல்லாத்தையும் இருட்டுலயா எடுத்தீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஷோகேஸில் இருந்த என் மனைவியின் படத்தைக் காட்டி, யார் என்று கேட்டார். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

நான் வாய் திறக்குமுன் அவள் என்னிடம் தமிழில் சொன்னாள்: "நீங்க கட்டிக்க ஆசப்பட்ட பொண்ணுன்னு சொல்லுங்க."

அவள் இறந்த அன்று, பூமாலை போட ஒரு படம் தேடினேன். எல்லாவற்றிலும் அந்தப் பெண்தான் இருந்தாள்.