காக்கூவின் கலேடியம்

கராடியில் என் மகன் குடியிருக்கும் அபார்ட்மெண்டில், லிஃப்ட் ஓரமாகக் குப்பையில் போட ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள். வெறும் மண். மருமகளைக் கேட்டேன். "செத்துடுச்சு அத்தை, ஒரு இலைகூட இல்ல" என்றாள். விரலால் கிளறினேன். அடியில் கிழங்கு கெட்டியாக இருந்தது. உள்ளே தூக்கி வந்துவிட்டேன். அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

தொண்ணூறுகளில் இதே ஊரில் கட்கி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஷிண்டே காக்கூ; மராட்டியில் காக்கூ என்றால் சித்தி. அவர் வளர்த்த கலேடியம் செடியைத் தெருவே நின்று பார்க்கும். இலைக்குப் பச்சை விளிம்பு, ரத்தச் சிவப்பு நரம்பு, சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். தீபாவளி முடிந்து, மகள் பிரசவத்துக்குக் கோலாப்பூர் போகும்போது அதை என்னிடம் விட்டுப் போனார். என் கையில் எதுவும் சாகாது என்று பீற்றிக்கொண்டேன்.

குளிர் வந்தது. இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. என் வீட்டுக்காரரின் பீடிப்புகைதான் காரணம் என்று அவரோடு சண்டை போட்டேன். பொங்கலுக்குள் தொட்டி மொட்டை. ஆத்திரத்தில் கவிழ்த்தேன். சேப்பங்கிழங்கு மாதிரியே நாலு கிழங்கு. செடிதான் போயிற்று, இதாவது வீணாகாமல் இருக்கட்டும் என்று வேகவைத்து, மிளகாய்த்தூள் போட்டு வறுத்தேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். சுண்டைக்காய் அளவில் இருந்த ஒன்றை மட்டும் உரிக்கச் சோம்பல்பட்டு, வேகவைக்காமலே குழாயடியில் வீசினேன்.

ஒரு வாய் வைத்த வீட்டுக்காரர் துப்பினார். "என்னத்தடி வறுத்த? நாக்குல ஊசி குத்துது." அன்று பூராவும் இருவருக்கும் மோர்தான்.

காக்கூ திரும்பி வந்தார். யாரிடமும் முகத்துக்கு நேரே பேசுகிற நான் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய், செத்துப்போச்சு, வறுத்துட்டேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர், "அடி பைத்தியமே, குளிருக்கு அது தூங்கும். ஊருக்கே தெரியுமேன்னு சொல்லாம விட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அவர் மாமியார் கொடுத்த கிழங்காம்.

ஜூனில் முதல் மழை. குழாயடியில் சிவப்பாக ஒரு சுருள் இலை. மண்ணோடு பெயர்த்துக் காக்கூவிடம் ஓடினேன். அடுத்த வருஷம் அது குட்டி போட்டது. காக்கூ ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்து, "இதையாவது வறுக்காதே" என்றார்.

அந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். காக்கூவும் இல்லை. இந்த மாடியில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஊருக்குப் போகும்போது அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். பால்கனிச் செடிகள் காய்கின்றன. என்னிடம் ஒரு தொட்டியைக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. கொடுத்தால் முதலில் கேட்பேன், அடியில் கிழங்கு இருக்கிறதா என்று.