சவுக்குத்தோப்பு மடமும் ஒரு கூஜா தண்ணீரும்

சண்டை முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சிதம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை, ஒரு பித்தளைக் கூஜா, ஒரு படி அரிசி. விருந்துக்குப் போகிறவன் தன் அரிசியைத் தானே சுமந்துபோகிற ரேஷன் காலம் இது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வூட்டுக்கா?" என்று கேட்டார். "மச்சானைப் பார்க்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாசகர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். மச்சான் சபாபதி, காலஞ்சென்ற என் மனைவி தையல்நாயகியின் தம்பி. வயது இருபத்தொன்று. பத்து வயதிலிருந்து என் வீட்டில் வளர்ந்தவன். பதினேழில் கள்ளும் சீட்டாட்டமும் பழகி, பதினெட்டில் அக்காளின் கெம்புத் தோட்டைக் கொண்டுபோய் விற்றான். வீட்டை விட்டுத் துரத்தினேன். அடுத்த கார்த்திகையில் தையல்நாயகி ஜுரத்தில் போய்விட்டாள். அவனோ கடலூரில் எங்கெங்கோ கிடந்து, கடைசியில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். வழி தவறின இளைஞர்களை வைத்துத் தேற்றுகிற இடம். 'ஒன்றரை வருஷமாகச் சபாபதி குடிக்கவில்லை. இனி வீட்டுக்குப் போகலாம், அல்லது இங்கேயே இருக்கலாம். அது அவர் விருப்பம். நீங்கள் ஒரு முறை வாருங்கள்' என்று அந்த மடத்துப் பெரியவர் எழுதியிருந்தார்.

அழைத்து வந்துவிடுவதென்று அன்றே தீர்மானித்தேன். புதிதாக இன்னொரு தட்டுகூட வாங்கி வைத்தேன். நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். பகலெல்லாம் என்னைச் சுற்றிக் கூட்டம். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் பேச ஆளில்லை. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று, முப்பது மைலுக்குக் குறைந்த தூரத்தை ரயில் இரண்டு மணி நேரத்தில் கடந்தது. மூன்றாம் வகுப்புக் கட்டணம் பத்தணா. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, தேவனாம்பட்டினத்துக்கு எட்டணா பேசி ஜட்கா வைத்தேன்.

"எட்டணா ஜாஸ்தியில்லையா?" என்றேன்.

"குதிரைக்குக் கொள்ளு எந்த ரேஷன்ல குடுக்கறாங்க, சொல்லுங்க" என்றார் வண்டிக்காரர். போகிற இடத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சவுக்குத்தோப்பு மடமா? கெட்டுப்போன பசங்கள இல்ல அங்க வச்சிருக்காங்க? உங்களப் பாத்தா நல்ல மனுசராத் தெரியுதே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனுஷன் என்பதில் அன்று காலை எனக்கும் சந்தேகம் இல்லை.

தேவனாம்பட்டினத்தில் மீன்பிடி வலைகள் காய்கிற இடத்தோடு வண்டிப்பாதை முடிந்துவிட்டது. அங்கிருந்து வடக்கே ஒரு மைல் மணல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, பத்தரை மணிக்குத் தோப்பை அடைந்தேன். நான்கு நீண்ட கூரைக் கொட்டகைகள், ஒரு மணிக்கூண்டு, சிலுவை வைத்த சிறிய ஜெபவீடு. சுற்றிலும் வேலி இருந்தது, ஆனால் வாசலில் கதவு கிடையாது. ஜெயில் மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போனவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பெரியவர் பெயர் தேவசகாயம். மெலிந்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மண். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'அண்ணன்'தான், நேற்று வந்தவனும் அண்ணன். அரிசியை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "சபாபதி அண்ணன் கண்ணுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காரு. நீங்களும் போய்க் கூட ஊத்துங்க. மணி அடிக்கிற வரைக்கும் ஊருக்குப் போற பேச்ச மட்டும் எடுக்கக் கூடாது. வர்றவங்க எல்லாருக்கும் இதான் வழக்கம்."

கண்ணு என்றால் சவுக்குக் கன்று. மணலில் தோண்டிய ஊற்றுக்குழியில் இறங்கி, இரண்டு கைக்கும் இரண்டு குடமாக மொண்டுவந்து வரிசை வரிசையாக ஊற்ற வேண்டும். சபாபதி கறுத்து, உரம் ஏறியிருந்தான். என்னைக் கண்டதும் குடங்களை வைத்துவிட்டு, "வாங்க மாமா" என்றான். கை கூப்பினான். பிறகு ஒரு குடத்தை என்னிடம் கொடுத்தான்.

ஊற்றினோம். ஐம்பது நடைக்கு மேல் நான் எண்ணவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் ஊர்ப் பேச்சாகவே இருந்தபடியால் பேசாமல் நடந்தேன். சூரியன் சாய்கிற வேளையில் அவனே ஆரம்பித்தான்.

"மாமா, அக்கா கடைசியில என்னத் தேடுச்சா?"

"தேடினாள்."

"நீங்க ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கலன்னு இங்க வந்த கடுதாசியில எழுதியிருந்தீங்க. நான் ஒரு இடத்துல மனுசனா இருந்திருந்தா கிடைச்சிருப்பேன். குடிச்சிட்டு எங்க கிடந்தனோ! எல்லாத்தையும் மறந்துட்டேன் மாமா, இத மட்டும் மறக்க முடியல."

நான் ஊற்றுக்குழிக்குள் இறங்கிவிட்டேன். குடம் நிரம்பியும் ஏறி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

ஐந்தரைக்கு மணி அடித்தது. ஆறு மணிக்கு வெளிச்சம் இருக்கும்போதே பந்தி. கொட்டகையில் முப்பது பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, ஜெபம் சொல்லி, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். எனக்கு மோர். எதிரில் இருந்த ஒரு பையன் மரியாதையாக, "சபாபதி அண்ணனக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டான். அங்கேதான் என் வாய் சும்மா இராமல் போயிற்று.

"ஆமாம். என் மனைவியின் தோட்டைத் திருடிக் குடித்தவன்தான். இருந்தாலும் மன்னித்துவிட்டேன். நம்ம பிள்ளை இல்லையா" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி, கொஞ்சம் பெருமையாகவே.

சாப்பிடுகிற சத்தம் நின்றுவிட்டது. சபாபதி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவசகாயம் கோபிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாது, பரவாயில்ல. இங்க அவுங்கவுங்க தப்ப அவுங்கவுங்கதான் சொல்லுவாங்க. அடுத்தவங்க தப்ப யாராவது சொல்லிட்டா, கூடவே தன் தப்பு ஒண்ணையும் சொல்லிடணும். பக்கத்துல இருக்கறவரு, சொன்னவரு தம்ளர்ல தண்ணி ஊத்துவாரு. மன்னிச்சோம்னு அர்த்தமில்ல, கேட்டுக்கிட்டோம்னு அர்த்தம்."

முப்பது முகங்கள் என்னைப் பார்த்தன. சொல்லவேண்டியது எதுவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் முப்பது வருஷமாக என் தொழில். "ஒரு தடவை பரங்கிப்பேட்டை வரைக்கும் டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், கொட்டகை மறுபடி கலகலப்பானது. பக்கத்தில் இருந்த சபாபதி சொம்பை எடுத்து என் தம்ளரை விளிம்பு வரை நிரப்பினான். அதைக் குடித்தேன். அத்தனை வெட்கப்பட்டு நான் எதையும் குடித்ததில்லை.

சாப்பாடு ஆனதும், "நான் வரேன் மாமா. நீங்க அங்க ஒண்டியா இருக்கீங்க. அக்காளுக்கு செய்யாதத உங்களுக்காவது செய்யறேன்" என்றான். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வாசல்வரை வந்த தேவசகாயம், "எப்ப வேணாலும் வரலாம் அண்ணே, கதவே இல்ல" என்றார் சபாபதியிடம். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் முன்னே நடந்தான். ஸ்டேஷனில் சிதம்பரத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். வண்டி வர இருபது நிமிஷம் இருந்தது. "சாமி தரிசனம் பண்ணுங்க, நான் கோயிலுக்கு வெளிய நிக்கறேன். சமையல் நான் செய்யறேன் மாமா, இங்க கத்துக்கிட்டேன்" என்று அவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான். நான் பேசாமல் இருந்திருந்தால் அவன் வந்திருப்பான். என் வீட்டில் விளக்கு எரிந்திருக்கும்.

"சபாபதி, உன்னை நான் தேடவில்லை" என்றேன்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"நீ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறாய் என்று நூல் வியாபாரி ஒருவர் வந்து சொன்னார். கிடங்கு எதுவென்றுகூடச் சொன்னார். உன் அக்கா பத்து நாள் உன் பேரைச் சொல்லிக் கேட்டாள். ஆள் போயிருக்கிறான், ஆள் போயிருக்கிறான் என்றே சொல்லிவந்தேன். கோபம் சபாபதி. தோட்டுக்காகக் கோபம். நீ கிடைக்கிற இடத்தில்தான் இருந்தாய்."

அவன் முகத்தை இங்கே எழுதப்போவதில்லை. பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். "பத்து நாளா?" என்று கேட்டான். "பத்து நாள்" என்றேன்.

வண்டி வந்தது. என் துணிப்பையை எடுத்து உள்ளே பலகைமேல் வைத்தான். தன் பெட்டியை எடுக்கவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "கூஜாவக் குடுங்க" என்றான். வாங்கிக்கொண்டு பிளாட்பாரக் குழாயடிக்குப் போனான். கார்டு விசில் ஊதினார். அவன் ஓடவில்லை, நடந்துதான் வந்தான். வண்டி நகர ஆரம்பித்தபோது, கழுத்துவரை நிரப்பிய கூஜாவை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் வெளியே போகும்வரை தெரிந்தது.

சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே நீட்டிவிட்டேன். "இன்னொருத்தர் எங்க சார்?" என்றார் டிக்கெட் கலெக்டர். "வரவில்லை" என்றேன்.

பதினொன்றரைக்கு வீடு. அந்த மடத்தில் கதவில்லை, முப்பது பேர் இருக்கிறார்கள். என் வீட்டுக்கு நல்ல திண்டுக்கல் பூட்டு. திறந்து உள்ளே போய், புதுத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு ஆள் சோறு வடித்தேன். பரங்கிப்பேட்டையில் குடித்தது போக, கூஜாவில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது. அதைத் தம்ளரில் ஊற்றி என் தட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.